மாமாவுக்கு நான் போட்ட சிவப்பு ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் ஒரு எழுத்தாளர் கிளம்பியிருக்கிறாள். வேறு யாருமில்லை, என் மகள். கல்லூரி ஆண்டு மலரில் அவள் எழுதியது அச்சாகி வந்திருக்கிறது. எழுதுவது எப்படி, படிப்பது எப்படி, தை பிறந்தால் என்ன செய்வோம், மாசியில் என்ன செய்வோம் என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறாள். மாசி மகத்துக்கு மட்டும் இரண்டு பக்கம். நிலா வருகிறது, அலை வருகிறது, ஈர மணல் வருகிறது. நான் படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"தண்ணி நல்லா கீது. மீனத்தான் காணோம்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எதாவது எழுதியிருக்கியாம்மா? எழுதிப் பார்த்தாத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் புதுப்பட்டினத்தில் இறங்கி ஐஸ்காரம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்து வந்து விடும். மூன்று வேன் ஓடுகிறது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து நெம்மேலி வரைக்கும் கரையில் மீன் ஏறினால் அதற்கு அடியில் இருப்பது என் ஐஸ்தான். அப்பன் சொத்து இல்லை, மாமனார் சொத்து இல்லை, எல்லாம் நான் நின்று சம்பாதித்தது. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து எழுதியிருக்கிறாயா என்று கேட்டால்? இந்தக் கரையில் முதல் எழுத்தாளரே நான்தான். பத்து வயதில் எழுதினேன். காகிதம்கூட இல்லாமல் எழுதினேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எழுத்துப் பிழையை மகள் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே படிக்க வைத்தேன்.

எங்கள் குப்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அந்த ஊர் அம்மன் உண்மையில் எங்கள் வீட்டுப் பெண். எந்தக் காலத்திலோ எங்கள் ஆட்களின் வலையில் ஒரு பலகை மாட்டியதாம், அதில் அவள் முகம் இருந்ததாம். நெல் கொடுத்து மீன் வாங்க வந்த அந்த ஊர்க்காரர்கள் அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கோயில் கட்டிவிட்டார்கள். ஆகையால் அவள் கட்டிக்கொடுத்த மகள் கணக்கு. மாசி மகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் டிராக்டரில் பூ ஜோடித்து அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். மறுநாள் விடியற்காலையில் கடலில் முங்க வைத்துத் திரும்ப அழைத்துப் போவார்கள்.

மகள் வந்தால் வெறும் தேங்காய் பழமா வைப்பது? மீன் குழம்பும் சோறும் வைப்போம். டிராக்டர்காரர்கள் விரதம். குழம்புச் சட்டி வருகிற நேரத்தில் அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மேற்கே திரும்பி நின்றுகொண்டு தென்னை மரங்களைப் பார்ப்பார்கள். ஒருவர்கூட மூக்கை மூடமாட்டார். ஒன்றிரண்டு பேர் நன்றாக இழுத்து மூச்சு விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சோறு ஆனதும் சேதி சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக ஊரைப் பார்க்காத பெண்ணுக்கு என்ன வேண்டும்? பிறந்த வீட்டுச் செய்திதானே. யார் வீட்டில் குழந்தை, யாருக்குக் கல்யாணம், எந்த மீன் நல்ல பாடு, எவன் எவனோடு பேசுவதில்லை, எல்லாம் சொல்ல வேண்டும். அதைப் பெரியவர்கள் சொல்லக் கூடாது. இன்னும் சமையாத ஒரு சின்னப் பெண்தான் சொல்ல வேண்டும். கையில் காகிதம் இருக்கக் கூடாது. நடுவில் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அம்மனிடம் ஒரு முறை சொன்ன சேதியைத் திருப்பக் கூடாது. சொன்னது சொன்னதுதான்.

கடல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதில்தான் முடிவு. கரைக்கு உடம்பு வராமல் போனவன் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. மாசி வரைக்கும் அப்படித்தான். அம்மனிடம் 'இன்னாரைக் கடல் எடுத்துக்கொண்டது' என்று சொன்ன பிறகுதான் அவன் செத்தவன். மறுநாள் அம்மன் முங்குகிற அதே தண்ணீரில் அவன் பெண்சாதியை இறக்கித் தாலியை வாங்குவார்கள். அதோடு பூவும் போச்சு.

நான் சேதி சொன்ன வருஷம் அந்த வரிசையில் என் அத்தை நின்றாள்.

அத்தை என்றால் நைனாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான். அத்தை வீட்டுக்காரர், என் மாமா, நல்ல உயரம். காசிமேட்டுக்காரர் ஒருவருடைய பெரிய போட்டில் கூலிக்குப் போனவர். ஐப்பசியில் போன போட்டு கார்த்திகையில் திரும்பியது, மாமா திரும்பவில்லை. இரா வேளையில் வழுக்கி விழுந்துவிட்டார், தேடினோம், கிடைக்கவில்லை என்று போட்டில் போனவர்கள் நைனாவிடம் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு நைனா வலை வாங்குகிறேன் என்று வடக்கே போய் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பினார். வலை வாங்கி வரவில்லை.

அத்தை அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. காலையில் எழுந்து வாசல் தெளிப்பாள், கருவாடு திருப்பிப் போடுவாள், சாயங்காலம் கனகாம்பரம் கட்டுவாள். முருங்கை மரத்தடியில் ஒரு புதரே வைத்திருந்தாள். கட்டி முடித்த சரத்தை நடுவில் பல்லால் கடித்து இரண்டாக்குவாள். ஒரு துண்டு அவளுக்கு, ஒரு துண்டு எனக்கு. எது நீளம் என்று நான் அளந்து பார்த்துச் சண்டை போடுவேன். எப்போதும் எனக்குத்தான் ஒரு விரல் கூட இருக்கும், ஆனாலும் சண்டை போடுவேன்.

இப்போது என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று மகள் எழுதியிருக்கிறாளே, அது சரி. நானும் படித்தவள்தான். என் அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீடு வீடாக மீன் கொடுப்பாள். அங்கே மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா மீன் மடிக்க ஆகும் என்று பழைய வாரப்பத்திரிகைகளைக் கட்டிக் கொடுப்பார்கள். அம்மா அதைத் தாள் தாளாகக் கிழித்துக் கூடையில் அடுக்குவாள். கூடைக்குப் போவதற்குள் நான் படித்துவிட வேண்டும். அந்தக் குப்பத்தில் என் வேகத்துக்குப் படிக்கக்கூடியவர் ஒருவரும் கிடையாது. பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியாது என்பது வேறு விஷயம்.

எந்தக் கதையும் எனக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. நடுவில் பிறந்து நடுவிலேயே போய்விடும். ஒருத்தி மாடிப்படியில் இறங்கிக்கொண்டே இருப்பாள், கீழே யார் நிற்கிறார்கள் என்பது வஞ்சிரத்தோடு யாரோ வீட்டுக்குப் போயிருக்கும். சில நாள் மீனைப் பிரித்தால் அதன் வெள்ளை வயிற்றில் எழுத்து தலைகீழாக ஒட்டியிருக்கும். அதையும் படிக்கப் பார்ப்பேன். மீதியை நானே போட்டுக்கொள்வேன். காயப்போட்ட வலைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்க, கண்ணை மூடினால் அந்த மாடிப்படிக்காரி இறங்கி வருவாள். அவளுக்குக் கீழே யாரை நிறுத்தலாம் என்று நான் யோசிக்கிற நேரத்தில் அலைச் சத்தம்கூட எங்கோ பக்கத்து ஊரில் அடிக்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் வேனில் முன் ஸீட்டில் உட்கார்ந்தால் எனக்கு அப்படி ஆகும். டிரைவர் பில் எங்கே என்று கேட்டால் நான் வேறு எங்கோ இருப்பேன்.

அப்படிக் கிடைத்த தாள்களில் ஒன்று கலர்த்தாள். அதில் ஒரு படம். மலை, பனி, ஒரு கேக்குக் கடை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன் கதவைத் திறக்கிறான். பஸ் உருண்டதில் அவனுக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது. தன் பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. கேக்குக் கடைக்காரி ஒருத்தி அவனுக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய சின்னப் பெண் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அப்பா என்கிறது. 'அவன் கதவைத் திறந்தான். வெளியே' என்று தாள் முடிந்துவிட்டது. அந்தத் தாளை நான் கூடைக்குக் கொடுக்கவில்லை. வெளியே என்ன இருந்தது என்று நாள் கணக்கில் யோசித்தேன்.

வழக்கமாகச் சேதி சொல்கிற பெண் அந்தத் தை மாதம் சமைந்துவிட்டாள். அடுத்தது யார் என்றதும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? அவ்வளவு வாய். ஒரு வாரம் பெண்களெல்லாம் என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சேதி ஊட்டினார்கள்.

"எம் மருமவ வந்ததுலேர்ந்து வூட்ல சண்டைன்னு சொல்லுடி, மறந்துடாத."

"அத ஏன்டி சொல்லச் சொல்ற? அவ மாமியா வாயி தெற்கால கேக்குதுன்னு அம்மனுக்கே தெரியும்."

"கண்ணு, இந்த வருசம் நெத்திலி நல்ல பாடுன்னு சொல்லு. எறாதான் பேஜாரு."

கடைசியாக ஒரு சாயங்காலம் நைனா என்னைக் கூப்பிட்டார். கிழிந்த வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தார்.

"எல்லா சேதியும் சொல்ட்டு, கடைசில, மாமாவ கடலு எடுத்துக்கிச்சின்னு சொல்லிடு பாப்பா."

"நீ பாத்தியா நைனா?"

"இன்னா பாத்தியா?"

"கடலு எடுத்துக்கினு போனத."

நைனா முடிச்சைப் போட்டு, சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி போட்டார். "சொல்லுன்னா சொல்லு" என்றார்.

அம்மன் வருகிற அன்று மத்தியானம் அத்தை எனக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள். இழுத்துப் பின்னினால் கண் மேலே ஏறும், அப்படிப் பின்னுவாள். அன்றைக்கு மெதுவாகப் பின்னினாள். கனகாம்பரத்தைக் கடித்து இரண்டாக்கி ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, மீதியைத் தன் தலையில் சொருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலச் சொன்னாள்:

"நாளைலேர்ந்து முழுசும் உனுக்குத்தான்டி. சண்ட போட ஆளு கெடையாது."

முழுச்சரமும் எனக்கு வேண்டியதில்லை. யாரோடும் அளந்து பார்க்க முடியாத பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தை வெறும் தலையோடு எதிரே உட்கார்ந்து எனக்கு மட்டும் பூ வைத்துவிடுகிற மாதிரி ஒரு படம் கண்ணுக்குள் வந்தது. அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேலே தியாகம், பாசம் என்றெல்லாம் மகள் மாதிரி என்னால் எழுத முடியாது.

மாசி பௌர்ணமியை ஒட்டி எங்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் தென்னைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போதே முன்னால் கடலுக்குள்ளிருந்து நிலா ஏறும். இரண்டுக்கும் நடுவில் நாம் நிற்போம், மணலில் நமக்கு இரண்டு நிழல் விழுகிற மாதிரி தோன்றும். தெற்கே அணுமின் நிலையத்து விளக்குகள், எப்போதும் புறப்படாத ஒரு கப்பல் மாதிரி. கட்டுமரத்தைக் கவிழ்த்து, மேலே புதுப்பாய் விரித்து, அதில் அம்மனை உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சளும் சாமந்தியுமாக, பயணத்தில் களைத்துப்போன மகள் போலத்தான் இருந்தாள். குழம்பு வந்தது. டிராக்டர்காரர்கள் தென்னை மரங்களைப் பார்த்தார்கள். பிறகு, குடும்பச் சேதி அந்நியர் காதில் விழக் கூடாது என்பதால், ரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நடுவில் நான், பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு. பயமா? எனக்கா? முதல் சேதியிலேயே எல்லாரும் என் கைக்குள் வந்துவிட்டார்கள். நெத்திலி நிறையக் கிடைத்ததைச் சொன்னேன். மாமியார் மருமகள் சண்டையை இரண்டு பேர் குரலிலும் சொன்னேன், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்று வீட்டில் குழந்தை, ஒரு வீட்டில் காது குத்து, பஞ்சாயத்தார் ஒருவர் பல் கட்டியது, ஒன்றையும் விடவில்லை. நிலா ஏறி அம்மன் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கடைசிச் சேதி வந்தது. பெண்கள் பக்கம் ஓரத்தில் அத்தை. பூவில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி வெள்ளைத்துணி மடித்து மடியில் வைத்திருந்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்க மாமாவ" என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன். அலை வந்து போயிற்று. அப்போதுதான் அந்தக் கதவு திறந்தது.

"எங்க மாமாவ கடலு எடுத்துக்கல தாயே. அவரு உசுரோட கீறாரு."

யாரும் தடுக்க முடியாது. குறுக்கே பேசக் கூடாதே! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் மலையைச் சொன்னேன், பனியைச் சொன்னேன். நான் இரண்டையும் பார்த்ததே இல்லை, அதனால் நன்றாகச் சொன்னேன்.

"அங்க குளுரு ஜாஸ்தி. செவப்பு ஸ்வெட்டரு போட்டுகினு கீறாரு. கைநீளம் வச்சது. அவருக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சு தாயே. எங்கள எல்லாம் மறந்துட்டாரு. அதான் வரல. அங்க கட வச்சிக்கினு ஒரு அம்மா கீது, அதுதான் அவருக்குச் சோறு போடுது. அந்த அம்மாவுக்கு ஒரு சின்னப் பொண்ணு. அது மாமா வெரல புடிச்சிக்கினு நைனான்னு கூப்புடும்."

'அப்பா' என்றிருந்ததை 'நைனா' என்று மாற்றியது நான்தான். எங்கள் பக்கத்துக்கு அதுதான் பொருந்தும். எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"காத்தால கதவத் தொறந்துகினு நிப்பாரு. கடலு சத்தம் கேக்குதான்னு காதுல கைய வச்சிப் பாப்பாரு. கேக்காது. உள்ள பூடுவாரு. அவ்ளோதான் சேதி தாயே."

முடித்துவிட்டுத் திரும்பினேன். கைதட்ட மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் ஏதாவது ஒன்றை எதிர்பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் வெள்ளைத்துணிக்காரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம்தான் எனக்கு விளங்கவில்லை. பஞ்சாயத்தார் ஒருவர் கையிலிருந்த பீடி விரல் வரை எரிந்து அவர் உதறினார். மற்றவர்கள் மணலைப் பார்த்தார்கள். நைனாவின் முகம், நிலா வெளிச்சத்தில், நனைந்த தாள் மாதிரி இருந்தது.

"யாரு சொன்னாங்க உனுக்கு?" என்றார்.

"யாரும் சொல்லல" என்றேன். என் சொந்தச் சரக்கு என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. கலர்த்தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

"யாரும் சொல்லலியாம்!" என்று பீடிக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார். பக்கத்து ஆள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்.

அத்தை எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து ஆண்கள் பக்கம் வந்து நின்றாள். அப்படி யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க அந்த முகம் கீழே போயிற்று. கடைசியாக நைனா எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, மலையா?" என்றாள்.

"மலையில்ல" என்றார் நைனா. "கடலோரந்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. தாளைப் படிக்காத மனுஷர் என் கதையைத் திருத்துகிறார். சொன்ன சேதியைத் திருப்பக் கூடாது என்பது இவருக்குத் தெரியாதா?

"பொண்ணு அவனோடதா?" என்று அத்தை கேட்டாள்.

"இல்ல. அந்தப் பொம்பளையோடது. முன்னயே இருந்தது."

"ம்" என்றாள் அத்தை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஆண்கள் ஏன் மணலைப் பார்த்தார்கள் என்பது நான் முதல் வேன் வாங்கிப் பூஜை போட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கி, வேன் நகர்ந்து, எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது நைனா தானாகவே சொன்னார். மாமா வழுக்கி விழவில்லை. ஆந்திரா பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கி இட்லிக் கடைக்காரி ஒருத்தியோடு தங்கிவிட்டார். வழுக்கி விழுந்தார் என்று முதலில் சொன்ன போட்டுக்காரர்களே பிறகு நைனாவிடம் தனியாக நிஜத்தைச் சொன்னார்கள், நைனா நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தார். ஒரு குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நைனா நைனா என்று கூடவே ஓடியதாம். திரும்பி வந்து பஞ்சாயத்தார் நான்கு பேரோடு உட்கார்ந்து பேசி, கடல் எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கடல் எடுத்தவன் பெண்சாதிக்கு ஊர் சோறு போடும், விட்டுவிட்டுப் போனவன் பெண்சாதிக்கு ஊர் பெயர் வைக்கும். அத்தையைக் காப்பாற்றத்தான் அந்தக் கதையைக் கட்டினார்கள். ஆக, அந்த மாசியில் குப்பத்தில் கதை கட்டியது நான் ஒருத்தி மட்டுமில்லை. ஆனால் எது நின்றது? ஐந்து ஆம்பிளைகள் கூடிக் கட்டிய கதை பத்து வயசுப் பெண்ணின் கதைக்கு முன்னால் நிற்கவில்லை. நெம்மேலியில் இன்றைக்குக் கடல் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்குகிறார்கள் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். நான் அந்தக் காலத்திலேயே மெஷின் இல்லாமல் பொய்யை நிஜமாக்கியவள்.

சட்டை சிவப்பாக இருந்ததா என்று மட்டும் நைனாவிடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் விடிகிற நேரத்தில் மேளம் அடிக்க அம்மனைத் தண்ணீருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் முன்னால் ஓடினேன். மாமா உயிரோடு இருக்கிறார், தாலி இருக்கிறது, பூ இருக்கிறது, என் வேலை முடிந்தது என்று குதித்துக்கொண்டு ஓடினேன். கிழக்கே கீற்றாக வெளுத்திருந்தது. பின்னால் நிலா இன்னும் தென்னைக்கு மேல் நின்றது. அம்மன் முதல் முங்கு முங்கினாள். அப்போது பார்த்தால் அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கிறாள்.

வெள்ளைத்துணிக்காரி கரையிலிருந்து கத்தினாள். "ஏம்மே! உசுரோட கீறான்னு அம்மங்கிட்ட சொல்லியாச்சி. நீ எதுக்கு எறங்கற?"

"உசுரோட கீறான்ல, அதுக்குத்தான்" என்றாள் அத்தை.

யாரும் அவள் கழுத்தைத் தொடவில்லை. அவளே பின்னால் கையைக் கொண்டுபோய்த் தாலிக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். பூவில் சிக்கியது. பொறுமையாக விடுவித்தாள். அம்மன் இரண்டாவது முங்கு முங்கி எழுந்தபோது அத்தை அந்தக் கயிற்றை அம்மன் காலடித் தண்ணீரில் விட்டாள்.

"அவங்கிட்ட குடுத்துடு தாயே. அங்கயும் இதே தண்ணிதான்" என்றாள்.

இதற்கு வழக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. மேளக்காரர் அடிக்கலாமா வேண்டாமா என்று நைனாவைப் பார்த்தார். நைனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவை எடு என்று சொல்ல வேண்டியவள் வெள்ளைத்துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு அம்மனைக் கும்பிடப் போய்விட்டாள். மேளக்காரர் அடித்தார். அத்தை தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. தலையில் கனகாம்பரம் இருந்தது.

எனக்கு அழுகை முட்டியது. அவ்வளவு கஷ்டப்பட்டு, மலை ஏற்றி, பனியில் நிறுத்தி, சோறு போட ஆள் வைத்து ஒருவரை நான் பிழைக்க வைத்திருக்கிறேன். விடிவதற்குள் இவள் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள். ஈர மணலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டி என் பாவாடை நனைந்தது.

"இன்னாடி கோவம்?"

"மாமா உசுரோட கீறாருன்னு நான்தான் சொன்னனே அத்த. நீ நம்பலயா?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். தலையிலிருந்த பூவை உருவி, நடுவில் கடித்து, ஒரு துண்டை என் தலையில் சொருகினாள்.

"நம்பனேன்டி. நீ சொன்னது ஒண்ணத்தான் நம்பனேன்."

நான் அதை நம்பவில்லை. பெரியவர்கள் சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்வார்கள். நம்பியிருந்தால் கழற்றுவாளா? எங்கேயோ என் கதையில்தான் பிசகிவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த ஸ்வெட்டர்தான் என்று பட்டது. ஆம்பிளைகள் யாராவது சிவப்புப் போடுவார்களா? நீலமாகச் சொல்லியிருந்தால் அத்தை நம்பியிருப்பாள்.